பாத்தீங்களா, நெனச்சீங்களா?

அன்றைக்கு எஸ்டேட் ஏரிக்கரையில் இருந்தவர்கள் ஏழு பேர். சோதனை பண்ண வந்த மேடம். கம்பெனி இன்ஜினியர் தம்பி. அவரோடு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்த பொண்ணு. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர். ஃபிளாஸ்க்கில் டீயும் தூக்குப்போசியில் போண்டாவும் கொண்டுவந்த டீக்கடை பாய். சாக்கு பொம்மை தைத்துக் கொடுத்த என் வீட்டுக்காரி. ஏழாவது நான். ஒரு நாயும் இருந்தது. அதை மேடம் தலைக்கணக்கில் சேர்க்கவில்லை. ஆனால் 'நாய் ஒன்று, பழுப்பு, கட்டிப்போடவில்லை' என்று ஓரத்தில் எழுதிக்கொண்டார். எட்டாவதாகச் சேலத்திலிருந்து பெரிய ஆபீசர் ஒருவர் வந்திருந்தார் என்று ரைட்டர் இன்றைக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் பார்க்கவில்லை. பார்க்காத ஆளை எழுத முடியாது. இப்படி எழுதப் பழக்கியதே அந்த மேடம்தான்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் கம்பெனிக்காரர்கள் கோபித்துக்கொண்டு ஏதாவது செய்துவிடுவார்களோ என்று எனக்கு ஒரு பயம். எனக்கு எல்லாவற்றுக்கும் பயம்தான். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டதே, எட்டாம் வகுப்பு வாத்தியார் எப்படி இருப்பாரோ என்ற பயத்தில்தான். எங்கள் வீட்டில் இன்னும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மேடம் சேலம் அம்மாபேட்டையில் பிறந்தவர். தறிச் சத்தத்துக்கு நடுவில் வளர்ந்த பெண், எப்படியோ கப்பலைச் சோதிக்கிற வேலைக்குப் போய், முப்பது வருடம் துறைமுகம் துறைமுகமாக ஏறி இறங்கியவர். ஒரு கப்பல் ஓடலாம், ஓடக்கூடாது என்று கையெழுத்துப் போடுகிற வேலை. நான் பார்த்தபோது தலை பாதி நரைத்திருந்தது. காட்டன் புடவை, ஆண்கள் போடுகிற கான்வாஸ் ஷூ, இடுப்பில் செருகிய டார்ச். பட்டப்பகலில் எதற்கு டார்ச் என்று கேட்டேன். "பகல்லயும் படகோட அடிவயிறு இருட்டாத்தாங்க இருக்கும்" என்றார்.

அவர் கையில் ஒரு நோட்டு எப்போதும் இருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் 'பார்த்தது'. வலது பக்கம் 'நினைத்தது'. யார் எதைச் சொன்னாலும், எழுதுவதற்கு முன் பேனாவைக் கோட்டின் மேல் நிறுத்திக்கொண்டு ஒரே கேள்விதான் கேட்பார்.

"பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

வந்த முதல் நாளே பாய் கடையில் இது நடந்தது. "எண்ணெய் இன்னிக்குக் காத்தால ஊத்துனதுங்க மேடம், போண்டாவைத் தைரியமா சாப்புடுங்க" என்றார் பாய்.

"ஊத்துறதப் பாத்தீங்களா?"

"எம் பொஞ்சாதி ஊத்தியிருப்பாங்க."

"அப்ப நெனச்சீங்க" என்று சொல்லிவிட்டு டீ மட்டும் குடித்தார். பாய் ஒரு நாள் முழுக்க முறைத்துக்கொண்டு இருந்தார். மறுநாள் காலை மேடம் வருகிற நேரத்துக்கு எண்ணெய் பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றார். அவர் கண்ணெதிரே கத்தரித்து, கண்ணெதிரே ஊற்றினார். மேடம் நாலு போண்டா சாப்பிட்டார். அதற்கப்புறம் அந்தக் கடையில் யார் வந்தாலும் பாய் ஊற்றிக் காட்டுவதை வழக்கமாக்கிவிட்டார். யாவாரம் கூடிவிட்டது என்று வேறு சொல்கிறார். கூடியதைப் பார்த்தாரா, நினைத்தாரா தெரியாது.

வாழவந்தி பஸ்ஸுக்கு நிற்கும்போது ரைட்டர் "இதோ வந்துரும்" என்றார். மேடம் கேட்டது உங்களுக்கே தெரியும். ரைட்டர் நடக்கத் தொடங்கிவிட்டார். பஸ் அன்றைக்கு வரவில்லை.

என் வீட்டில் நடந்ததுதான் மோசம். மேடத்துக்கு எஸ்டேட் காட்டேஜில் சமையல் என் வீட்டுக்காரிதான். ஒருநாள் தோசை வார்த்துக்கொண்டே, "இவருக்கு டெய்லி நெஞ்சு வலின்னு சொல்றாருங்க, எனக்கு நொம்ப கவலையா இருக்குதுங்க" என்றாள்.

"டாக்டர் பாத்தாரா, இவரு நெனச்சாரா?"

அவ்வளவுதான். பதினெட்டு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவளுக்குக் கிடைக்காத ஆயுதம் அன்றைக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து நான் மழை வரும் என்றாலும், பால் திரிந்திருக்கும் என்றாலும், சம்பளம் வராது என்றாலும், கரண்டியைத் தூக்கிக்கொண்டு அதே கேள்வி. மேடம் போய் நாலு மழைக்காலம் ஆகிவிட்டது. கேள்வி போகவில்லை.

அவர் எதற்கு மலைக்கு வந்தார் என்று சொல்ல வேண்டும். கப்பல் சோதிக்கிறவருக்கு ஏற்காட்டில் என்ன வேலை?

சென்னையில் ஒரு கம்பெனி, ஓட்ட ஆளே இல்லாமல் தானாக ஓடுகிற படகு ஒன்று செய்திருந்தது. கரையிலிருந்து நடுக்கடலில் நிற்கிற கப்பல்களுக்கு, தடவைக்குப் பன்னிரண்டு தொழிலாளிகளை ஏற்றிக்கொண்டு போய் இறக்க வேண்டும். கடலில் விடுவதற்கு முன் பனியில் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். பனிக்கு எங்கள் மலையை விட்டால் எது? கரடியூருக்கும் கொட்டச்சேட்டுக்கும் நடுவில் எங்கள் எஸ்டேட்டில் ஒரு ஏரி உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் காப்பிப் பழம் கழுவத் தேக்கியது. இப்போது எஸ்டேட்டை ரிசார்ட் ஆக்கி, அதில் ஆறு அன்னப் படகுகளை மிதக்க விட்டிருக்கிறார்கள். கழுத்து வளைந்த, வெள்ளை பெயிண்ட் அடித்த, காலால் மிதிக்கிற படகுகள். அதைப் பார்த்துக்கொள்கிற வேலை என்னுடையது.

அந்த ஏரிக்குத்தான் தானாக ஓடுகிற படகு லாரியில் வந்து இறங்கியது. கூரை இல்லை, ஓட்டுகிறவர் உட்காரும் இடம் இல்லை, ஒரு கம்பமும் அதன் உச்சியில் கண் மாதிரி ஒரு கேமராவும்தான். கம்பெனி அதற்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் வைத்திருந்தது. நாங்கள் மொட்டை என்றோம்.

மொட்டையின் பின்பக்கம் உட்கார ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். கழுத்தில் கயிறு போட்டு ஒரு சிவப்புப் பொத்தானைத் தொங்கவிட்டார் இன்ஜினியர் தம்பி. எதிலாவது மோதப்போகிறது என்று தோன்றினால் அமுக்க வேண்டும். படகு நின்றுவிடும். நாளுக்கு அறுநூற்றைம்பது ரூபாய். இந்தப் படகுக்கு அனுமதி கிடைத்துவிட்டால் எனக்குக் கரையிலேயே, ரூமுக்குள்ளேயே, டிவி மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிற நிரந்தர வேலை. மாதம் பதினெட்டாயிரம். என் மகள் அப்போது சேலத்தில் நர்சிங் சேர்ந்திருந்தாள். ஹாஸ்டல் ஃபீஸை நினைத்தாலே எனக்கு அந்த நெஞ்சு வலி வரும்.

பயந்தாங்கொள்ளி கையில் பொத்தானைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதல் நாள் முப்பத்தொரு தடவை அமுக்கினேன். இலை மிதந்தால் அமுக்கினேன். தவளை குதித்தால் அமுக்கினேன். மூன்றாம் நாள் சாயங்காலம் இன்ஜினியர் தம்பி தோளில் கை போட்டார். நல்ல பையன். இருபத்தெட்டு வயது இருக்கும். அந்தப் படகைத் தன் கையால் செய்த பிள்ளை மாதிரி தடவித் தடவிப் பேசுவார்.

"மணியண்ணே, நீங்க ஒவ்வொரு தடவ அமுக்கும்போதும் மெஷின்ல பதிவாவுது. அது நமக்கு மைனஸ். நெஜமாவே அவசியம்னா மட்டும் அமுக்குங்க. இனிமே சம்பளத்தை டெய்லி தர வேண்டாம்னு மேல சொல்லிட்டாங்க. நம்பர் நல்லா வந்து அப்ரூவல் கெடச்சா, மொத்தமா கையில."

அப்புறம் நான் அமுக்கவில்லை. பத்தொன்பது நாள் ஒரு தடவைகூட அமுக்கவில்லை. ஷெட்டில் ஒரு போர்டில் பெரிதாக எழுதி வைத்தார்கள்: பத்தொன்பது நாள், பூஜ்யம். பக்கத்தில் ஒரு பூ வேறு வரைந்தாள் லேப்டாப் பொண்ணு.

இந்தப் பூஜ்யத்தைப் பார்க்கத்தான் மேடம் வந்தார்.

வந்தவர் படகை மூன்று நாள் வெயிலில் ஓட விட்டுப் பார்த்தார். மொட்டை அழகாக ஓடியது. கட்டையைப் போட்டால் நின்றது. ரப்பர் டியூபைப் போட்டால் சுற்றிக்கொண்டு போனது. இன்ஜினியர் தம்பிக்கு முகமெல்லாம் பல்.

நாலாம் நாள் காட்டேஜ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"மணி, நீங்க நொம்ப பயப்படுவீங்கன்னு உங்க ஊட்ல சொன்னாங்க."

எனக்கு வியர்த்தது. "ஆமாங்க மேடம். அது ஒடம்போட வந்ததுங்க."

"நல்லதாப் போச்சு. ஒரு மனுசன் படகு ஓட்டுனா, ஒரு தடவ தப்பு பண்ணினா பயப்படுவான். அடுத்த தடவ பாத்து ஓட்டுவான். இந்த மெஷினுக்கு அந்தப் பயமே கெடையாது. இதுக்குப் பதிலா யாராச்சும் முன்னாடியே பயந்து வைக்கணும். அதுதாங்க என் வேல. உங்க பயத்தையெல்லாம் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கேட்டால் விடுவேனா? குரங்கு வந்து கேமராவைப் பிடுங்கினால்? கல்யாண போட்டோ எடுக்க வருகிறவர்களின் துப்பட்டா பறந்து போய்க் கண்ணை மூடினால்? கேமராக் கண்ணாடியில் பனித்தண்ணி வழிந்தால்? நாய் நீந்தி வந்தால்? சில்வர் ஓக் மரம் முறிந்து விழுந்தால்? போன் டவர் போய்விட்டால்? படகுக்குள் பாம்பு ஏறிக்கொண்டால்? பன்னிரண்டு பேரும் ஒரே பக்கம் போய் செல்பி எடுத்தால்? டீ ஆறிப்போய் மறுபடி சூடு பண்ணி வந்தது. மொத்தம் நாற்பத்து மூன்று பயம் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வி. குரங்கு, பார்த்தது. துப்பட்டா, நினைத்தது. பனித்தண்ணி, பார்த்தது. நாற்பத்து மூன்றில் பார்த்தது ஐந்துதான்.

இன்ஜினியர் தம்பி அந்தப் பக்கமாக வந்தவர் எட்டிப்பார்த்துச் சிரித்தார். "மேடம், அண்ணன் கிட்ட பயம் கேக்குறது கொழாயத் தொறந்து வுட்ட மாதிரி."

"தொறக்காத கொழா எதாச்சும் இருக்குதான்னு பாக்குறேங்க" என்றார் மேடம். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் நாற்பத்து நாலாவது ஒன்று இருந்தது. அதை மட்டும் நான் சொல்லவில்லை.

மறுநாள் படகை டார்ச் அடித்துக்கொண்டு சுற்றி வந்தவர், பின்பக்கம் நின்றார். அங்கே என் மூங்கில் கழி கிடந்தது. எட்டடி நீளம், அடியில் இரண்டு முழத்துக்குச் சேறு காய்ந்திருந்தது.

"இது எதுக்குங்க?"

"பாம்பு வந்தா அடிக்கிறதுக்குங்க மேடம்."

"பாம்பப் பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

"நெனச்சேனுங்க."

அவர் கழியின் சேறு படிந்த நுனியை விரலால் தேய்த்துப் பார்த்தார். "தண்ணிக்கடியில இருக்குற பாம்பு போல" என்றார். எழுதவும் செய்தார். எந்தப் பக்கத்தில் எழுதினார் என்று எட்டிப்பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்ஜினியர் தம்பியிடம் போய், "அந்தப் பத்தொம்பது நாளும் படகுல யாரு இருந்தாங்க?" என்று கேட்டார்.

"ஆள் இல்லாமதான் மேடம் ஓடிச்சு. பின்னாடி மணியண்ணன் உக்காந்திருந்தார், ஆனா அவரு ஒண்ணும் பண்ணல. பொத்தானே தொடல. அதனால அவரை லோடுன்னு காட்டியிருக்கோம்."

காகிதத்தைக் காட்டினார். அதில் நான் இருந்தேன். லோடு: அறுபத்திரண்டு கிலோ. பிறந்ததிலிருந்து பயந்துகொண்டிருக்கிற ஒருவனை இவ்வளவு அமைதியாக யாரும் எழுதியதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் மேடத்துக்கு வெந்நீர் எடுத்துக்கொண்டு போனபோது மெதுவாகக் கேட்டேன். "மேடம், இப்பிடி எல்லாத்துலயும் பாத்தியா நெனச்சியான்னு கேக்குறீங்களே, எப்பலேருந்துங்க?"

"ஒருதரம், நெனச்சத பாத்ததுன்னு எழுதிட்டேன்" என்றார்.

"அப்பறம் என்னாச்சுங்க?"

அவர் வெந்நீர் வாளியை வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

பனி இறங்கும் வரை காத்திருந்து, அந்த ஏழு பேர் கூடிய நாளைக் குறித்தார். காலை எட்டு மணி. ஏரி எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்குப் பனி. நடு ஏரியில் ஒரு அன்னப் படகை நங்கூரம் போட்டு நிறுத்தி, மூன்று சாக்கு பொம்மைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி அதில் உட்கார வைத்திருந்தோம். ஒரு பொம்மைக்கு இன்ஜினியர் தம்பி தன் கம்பெனித் தொப்பியைப் போட்டுவிட்டார். மொட்டை இந்தக் கரையிலிருந்து கிளம்பி, அன்னத்தைப் பார்த்து, ஒதுங்கி, அந்தக் கரைக்குப் போக வேண்டும். படகில் ஆள் கிடையாது. நான் கரையில் பொத்தானோடு நிற்க வேண்டும். கழி ஷெட்டுக்குள் போய்விட்டது. மேடமே கொண்டுபோய் வைத்தார்.

மேடத்திடம் ஒரு வழக்கம். படகைக் கிளப்புவதற்கு முன் பள்ளிக்கூடத்தில் போல ஆஜர் எடுப்பார். எல்லோரும் குரல் கொடுத்தால்தான் படகு நகரலாம். முதல் நாள் எல்லோரும் சிரித்தோம். அன்றைக்குப் பனியில் யார் எங்கே நிற்கிறார்கள் என்றே தெரியாததால் சிரிப்பு வரவில்லை.

"ரைட்டர்?"

"இருக்கேனுங்க."

"பாய்?"

"போண்டாவோட இருக்கேனுங்க மேடம்."

என் வீட்டுக்காரி, லேப்டாப் பொண்ணு, நான், மூவரும் குரல் கொடுத்தோம். இன்ஜினியர் தம்பி கொடுக்கவில்லை.

"சார் கார்ல சார்ஜர் எடுக்கப் போயிருக்காரு மேடம்" என்றாள் லேப்டாப் பொண்ணு.

"போறதப் பாத்தியா கண்ணு, நெனச்சியா?"

"நெனச்சேன் மேடம்."

"அப்ப படகு நகராது."

அப்போது நடு ஏரியிலிருந்து, பனிக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "நான் இங்கதான் இருக்கேன் மேடம்! அன்னத்துல! பொம்மையோட உக்காந்திருக்கேன்!"

இன்னொரு அன்னப் படகை மிதித்துக்கொண்டு போய், அதை அங்கேயே கட்டிவிட்டு, பொம்மைகளுக்கு நடுவில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். மேடத்தின் முகம் மாறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தம்பி, எறங்கி வாங்க மொதல்ல. ஆள் இருந்தா சோதனை கெடையாது!"

"மேடம், பத்தொன்பது நாள். பூஜ்யம். நான் செஞ்ச படகு, நானே நம்பலன்னா வேற யாரு நம்புவாங்க? எங்க எம்.டி.க்கு வீடியோ அனுப்பணும். ஏம்மா, ஸ்டார்ட் பண்ணு!"

அவருக்கு நீச்சல் தெரியாது. லைஃப் ஜாக்கெட்டும் மூன்றுதான் இருந்தது, மூன்றையும் பொம்மைகள் போட்டிருந்தன.

லேப்டாப் பொண்ணு மேடத்தைப் பார்த்தாள். அப்புறம் சம்பளம் கொடுக்கிற பக்கத்தைப் பார்த்தாள். பனிக்குள் மொட்டை உறுமுகிற சத்தம் கேட்டது.

நாற்பத்து நாலாவது பயம் இதுதான். வெயிலில் மொட்டைக்கு எல்லாம் தெரியும். பனி கெட்டியாக இறங்கிவிட்டால், வெள்ளைப் பனியில் வெள்ளை அன்னம் அதன் கண்ணுக்குத் தெரியாது. நேராகப் போய் முட்டும். பத்தொன்பது நாளில் பதினாலு நாள் அப்படிப் போனது. பொத்தானை அமுக்கினால் பதிவாகும், சம்பளம் போகும், மகளின் ஹாஸ்டல் போகும். அமுக்காவிட்டால் முட்டும். அதனால் நான் கழியை ஏரித் தரையில் ஊன்றி, படகின் பின்பக்கத்தை ஒரு தள்ளுத் தள்ளிவிடுவேன். படகு விலகிப் போய்விடும். ஷெட்டில் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியர் தம்பி, "பாரு, எவ்ளோ ஸ்மூத்தா திரும்புது" என்று பூரித்துப் போவார். கேமரா முன்னால் பார்க்கும். பின்னால் பார்க்காது. நடக்காத முப்பத்தெட்டுப் பயத்தையும் மேடத்திடம் ஒப்பித்த நான், நடந்த ஒன்றை மட்டும் விழுங்கிவிட்டேன்.

பதினெட்டாயிரம், டிவி ரூம், மகள் எல்லாம் கண்முன் வந்தது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். ஒன்றும் வரவில்லை. கை தானாக அமுக்கியது.

உறுமல் நின்றது. ஏரியே நின்றுபோன மாதிரி இருந்தது.

"யாருங்க அமுக்கினது?" என்று அன்னத்திலிருந்து கத்தினார் தம்பி. "அண்ணே! பூஜ்யம் போச்சே அண்ணே!"

மேடம் என் பக்கத்தில் வந்து நின்றார். நோட்டைத் திறந்தார். "ஏன் அமுக்கினீங்க, மணி?"

"முட்டியிருக்குமுங்க."

பேனா கோட்டின் மேல் நின்றது. "நெனச்சீங்களா?"

"இல்லீங்க மேடம். பாத்தேன்."

"எத்தன தடவ?"

"பனி எறங்கின நாளெல்லாங்க. பதினாலு நாளு. கழியால தள்ளி வுட்டேன்."

என் வீட்டுக்காரி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ரைட்டர் "அடப்பாவி" என்றார். மேடம் எழுதினார். இடது பக்கத்தில். என் வாக்கு அந்தப் பக்கத்தில் ஒரு முழு வரியாகப் போனது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

தம்பி இன்னொரு அன்னத்தில் ஏறி மிதித்துக்கொண்டு கரைக்கு வந்தார். இறங்கியதும் என்னைத்தான் பார்த்தார். "அப்போ அந்த ஜீரோ?"

"அந்த ஜீரோ நாந்தானுங்க தம்பி."

"பொய் சொல்றாரு மேடம். பயந்து போய் உளர்றாரு."

"இருக்கலாம்" என்றார் மேடம். "அவரு சொன்னதப் பாத்ததுன்னு எழுதியிருக்கேன். நான் இன்னும் பாக்கல. எல்லாரும் கரையில இருக்கோமா? ரைட்டர்?"

மறுபடி ஆறு பேரும் குரல் கொடுத்தோம். தம்பியின் குரல்தான் சின்னதாக வந்தது. மொட்டை கிளம்பியது. பனிக்குள் போனது. அரை நிமிடம் இருக்கும், தேங்காய் உடைத்த மாதிரி ஒரு சத்தம்.

பனி கொஞ்சம் விலகியபோது பார்த்தோம். அன்னத்துக்குக் கழுத்து இல்லை. கம்பெனித் தொப்பி போட்ட பொம்மை தண்ணீரில் குப்புற மிதந்தது. மொட்டை, ஒன்றுமே நடக்காத மாதிரி, அந்தக் கரைக்குப் போய் ஒழுங்காக நின்றிருந்தது.

"ஐயோ, எம் பொம்மை" என்றாள் என் வீட்டுக்காரி.

தம்பி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். பாய் தூக்குப்போசியைத் திறந்தார். "சாமி, சூடா ஒரு போண்டா சாப்புடுங்க. இன்னிக்குத்தான் பொறந்திருக்கீங்க. எண்ணெய் நானே ஊத்துனேன், மேடம் பாத்தாங்க."

போண்டாவைக் கையில் வாங்கிக்கொண்டு தம்பி மெதுவாகச் சொன்னார். "மேடம், துறைமுகத்துல அன்னமெல்லாம் இல்லையே."

"வெள்ளப் பெயிண்ட் அடிச்ச படகு இருக்குதுங்க. அது நான் பாத்தது."

ஊருக்குக் கிளம்புகிற அன்றைக்கு மேடம் என்னைக் கூப்பிட்டார். "உங்களப் பத்தி எழுதியிருக்கேன். உங்களுக்குத் தெரியாம எழுதக் கூடாது, கேளுங்க" என்று தமிழில் வாசித்துக் காட்டினார். குறைகள் மொத்தம் பதினேழு. கேமரா, சத்தம் வைத்துக் கண்டுபிடிக்கிற கருவி, பனியில் வேகம், இப்படிப் பதினாறு. பதினேழாவது நான்.

'காவலுக்கு வைத்த ஆளுக்கு, ஒன்றும் நடக்காவிட்டால்தான் சம்பளம் என்று சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் சொன்னால் அவர் கண்ணுக்கு ஒன்றும் நடக்காது. படகை இதுவரை ஓட்டியது மெஷின் பாதி, இவர் பாதி. இவரை லோடு என்று எழுதியதைத் திருத்தி, செய்த வேலையைக் குறிப்பிட்டு, பத்தொன்பது நாள் சம்பளத்தை முழுதும் கொடுத்து ரசீது காட்டும் வரை இந்தக் குறை தீராது. பதினேழும் தீராமல் அனுமதி இல்லை.'

எனக்குப் பகீரென்றது. "நான் பொய்யி சொன்னவனுங்க மேடம். எனக்கெதுக்குங்க சம்பளம்?"

"பொய் சொன்னதையும் எழுதியிருக்கேன். நாலாவது பக்கத்துல இருக்குது. அது வேற கணக்கு."

"அப்ப என் வேல போச்சுங்களா?"

"போச்சுன்னு நெனக்கறேன்" என்றார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். அவர் வாயிலிருந்து 'நெனக்கறேன்' என்று நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். அதுவும் சரியாகத்தான் போனது.

அப்புறம் நடந்ததை லேப்டாப் பொண்ணு அவ்வப்போது போனில் சொல்வாள். கம்பெனி பதினாறு குறையையும் தீர்த்துவிட்டது. லட்ச லட்சமாகச் செலவு. இரவிலும் பார்க்கிற கேமரா, வெளிநாட்டுக் கருவி எல்லாம் போட்டார்கள். மேடமே வேறொரு பனிக்காலத்தில் போய் நின்று பார்த்து, ஒவ்வொன்றாகக் கோடு போட்டு முடித்தாராம். தம்பி இப்போது எந்தப் படகு கிளம்பினாலும் முதலில் ஆஜர் எடுக்கிறாராம். பதினேழாவது மட்டும் நிற்கிறது.

கொடுக்க மனமில்லாமல் இல்லை. வழி இல்லை. எனக்குச் சம்பளம் கொடுத்தால் நான் வேலை செய்தேன் என்று ஆகிவிடும். நான் வேலை செய்தேன் என்றால், ஆளில்லாமல் ஓடியது என்று ஏற்கெனவே எல்லோருக்கும் அச்சடித்துக் கொடுத்த காகிதம் பொய்யாகிவிடும். ஒரு வருடம் தீபாவளி இனாம் என்று அனுப்பப் பார்த்தார்கள். மேடம் திருப்பி எழுதினார்: இனாம் இல்லை, சம்பளம். எந்த வேலைக்கு என்று எழுதவும். அவர்கள் கணக்குப் பிரிவில் கேட்டார்களாம், லோடுக்கு யாராவது சம்பளம் போடுவார்களா என்று.

ரைட்டர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏனுங்க லோடு, உங்களாலதான் கப்பல் கரையில நிக்குது" என்பார். என் வீட்டுக்காரிக்குப் பணம் வந்தால் போதும். எனக்குத்தான் இரண்டு பக்கமும் பயம். வராவிட்டால் மகளின் கடைசி வருட ஃபீஸ். வந்துவிட்டால் பதினேழாவதும் தீர்ந்து, பன்னிரண்டு பேர் ஏறி உட்கார, பின்பக்கம் கழியோடு யாரும் இல்லாமல் மொட்டை கடலுக்குப் போய்விடும். எல்லாம் சரி செய்தாயிற்று, மேடமே பார்த்துவிட்டார் என்கிறார்கள். மேடம் பார்த்ததை நான் பார்க்கவில்லையே.

மாதம் ஒருதரம் பேங்குக்குப் போய்ப் பாஸ்புக்கைக் கொடுத்துப் பதிவு போட்டுக்கொண்டு வருகிறேன். வாசலிலேயே என் வீட்டுக்காரி கேட்பாள், "வந்துருச்சா? பாத்தீங்களா, நெனச்சீங்களா?"

பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். பத்தொன்பது நாள், நாளுக்கு அறுநூற்றைம்பது வீதம், பன்னிரண்டாயிரத்து முந்நூற்றைம்பது ரூபாய் இன்னும் பாக்கி.